எம்.எல்.ஏ. இடையில் போய்விட்டால் அந்த இடம் யாருக்குச் சொந்தம்? அரூரிலிருந்து ஒரு கேள்வி

மரவள்ளிக்காடு (அரூர்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது, சட்டம் தெரிந்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் 18 அதிமுக எம்.எல்.ஏ.க்களைக் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி தகுதி நீக்கம் செய்தார். அதில் இரண்டு பேர் நம்ம தர்மபுரி மாவட்டம்: அரூர் முருகன், பாப்பிரெட்டிப்பட்டி பழனியப்பன். அன்றைக்குக் காலியான இடம் 2019 மே 23 அன்று ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் காலியாகவே கிடந்தது. 20 மாதம். மாவட்டத்தில் இருப்பதே 5 தொகுதி, அதில் 2 தொகுதிக்குச் சட்டமன்றத்தில் வாய் திறக்க ஆள் இல்லை. இத்தனைக்கும் ஒன்று தனித்தொகுதி.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊருக்கு வருகிற வண்டிப்பாதையில் ஓடையைத் தாண்ட ஒரு சிறுபாலம் கேட்டு மனுவோடு அலைந்தோம். மழைக்காலத்தில் மரவள்ளி லோடு ஏற்றிய டிராக்டர் அந்த ஓடையில் இறங்கினால் அச்சு வரைக்கும் சேற்றில் உட்கார்ந்துவிடும், கிழங்கு வெட்டி இரண்டு நாள் கிடந்தாலே மாவுச்சத்து குறைந்து மில்லில் விலையை இறக்கிவிடுவார்கள். மனு கொடுத்த ஒரு அலுவலகத்தில் "எம்.எல்.ஏ. பரிந்துரைக் கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். இல்லாத எம்.எல்.ஏ.விடம் எப்படி வாங்குவது? அந்த அலுவலருக்கும் பதில் தெரியவில்லை, பாவம்.

இப்போது ஸ்காட்லாந்தில் படிக்கிற எங்கள் ஊர்ப் பையன் ஒருத்தன் சொல்கிறான், அங்கே மாநிலச் சட்டமன்றம் மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதில் பாதிப் பேர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தலே கிடையாதாம், கட்சிப் பட்டியலில் அடுத்து இருப்பவர் வந்து உட்கார்ந்துவிடுவாராம். இது உண்மையா? உண்மையென்றால் நமக்கு அது நல்லதா? எனக்கு அந்த 20 மாதத்தை நினைத்தால் நல்லது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஓட்டுப் போடாமல் ஒருவர் வந்து உட்காருவது சரியா என்றும் உறுத்துகிறது.

பாலக்கோட்டு நர்ஸ்

அண்ணா வணக்கம். நான் பெல்ஃபாஸ்டில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறேன், சொந்த ஊர் பாலக்கோடு. தம்பி சொன்னது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு முறை, அதைக் கலந்துவிட்டால் குழம்பிவிடும்.

ஸ்காட்லாந்தில் மொத்தம் 129 உறுப்பினர்கள். 73 பேர் நம்மைப் போல தொகுதிக்கு ஒருவர். மீதி 56 பேர் 8 வட்டாரங்களிலிருந்து, வட்டாரத்துக்கு 7 பேர், கட்சிப் பட்டியல் வழியாக வருகிறவர்கள். தொகுதி உறுப்பினர் இடம் காலியானால் 3 மாதத்துக்குள் இடைத்தேர்தல். 2025 மார்ச்சில் கிறிஸ்டினா மெக்கெல்வி என்ற அமைச்சர் இறந்தார், ஜூன் 5 அன்று ஹாமில்டன் பக்கத்து அந்தத் தொகுதியில் தேர்தலே முடிந்துவிட்டது, ஆளுங்கட்சியிடமிருந்து லேபர் கட்சி பிடித்தது. இறந்தாலோ விலகினாலோ அடுத்த ஆள் வருவது பட்டியல் உறுப்பினருக்கு மட்டும்தான். 2016 டிசம்பரில் அலெக்ஸ் ஜான்ஸ்டன் இறந்தபோது பில் போமேன் அப்படித்தான் வந்தார். அந்தப் பட்டியலைத் தேர்தலுக்கு முன்பே கட்சி கொடுத்துவிட வேண்டும், பிறகு வரிசையை மாற்ற முடியாது. அதனால் ஓட்டுப் போடுகிறவர் விரும்பினால் அடுத்து யார் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

நான் இருக்கிற வட அயர்லாந்து இன்னொரு தினுசு. இங்கேயும் எம்.எல்.ஏ. என்றுதான் சொல்கிறார்கள். 18 தொகுதி, தொகுதிக்கு 5 பேர், மொத்தம் 90 (2017-க்கு முன்னால் தொகுதிக்கு 6 பேர், 108). ஒருவர் விலகினால் இடைத்தேர்தல் இல்லை, பட்டியலும் இல்லை. கட்சி ஒரு பெயரை எழுதிக் கொடுக்கிறது, அவர் எம்.எல்.ஏ. ஆகிறார், அவ்வளவுதான். 2022 மே தேர்தலில் லாகன் வேலி தொகுதியில் ஜெஃப்ரி டொனால்ட்சன் ஜெயித்தார், ஆனால் லண்டன் எம்.பி. பதவியை விட மனமில்லாமல் இந்த இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கட்சி எம்மா லிட்டில் பெங்கெலியை அனுப்பியது. அந்தத் தேர்தலில் அந்தத் தொகுதியில் அவர் பெயருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை, ஆனால் 2024 பிப்ரவரியில் துணை முதலமைச்சரே ஆகிவிட்டார்! திறமையானவர், நன்றாகப் பேசுகிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஓட்டுப் போட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

சுயேச்சை இறந்தால் என்ன என்று யோசித்திருக்கிறீர்களா அண்ணா? 2014 ஏப்ரலில் இரண்டு பேர் இறந்தார்கள். ஸ்காட்லாந்தில் மார்கோ மெக்டொனால்ட், பட்டியல் வழியாக ஜெயித்த சுயேச்சை. அவருக்குப் பின்னால் பட்டியலில் யாரும் இல்லாததால் 2016 தேர்தல் வரைக்கும் இரண்டு வருஷம் அந்த இடம் சும்மாவே கிடந்தது, உங்கள் அரூரைவிட அதிக நாள். அதே மாதம் இங்கே டேவிட் மெக்கிளார்ட்டி, இவரும் சுயேச்சைதான். ஆனால் இங்கே சுயேச்சைகள் தனக்குப் பிறகு யார் என்று முன்பே எழுதிக் கொடுத்து வைக்கலாம். அவரிடம் வேலை பார்த்த கிளேர் சக்டன் என்ற இளம்பெண் வந்தார். 2016-இல் அவரே நின்று ஜெயித்தார், நீதித்துறை அமைச்சரும் ஆனார், பிறகு 2017, 2022 தேர்தல்களிலும் ஜெயித்தார்.

பர்கூர் வாக்காளர்

எனக்கு இந்தப் பட்டியல், கடிதம் எதுவுமே பிடிக்கவில்லை. ஓட்டுப் போட்டவன்தான் மறுபடி ஆளை அனுப்ப வேண்டும்.

தங்கச்சி சொன்ன லாகன் வேலி கதை அப்படியே எங்கள் பர்கூரிலும் நடந்தது. 2006-இல் தம்பிதுரை எங்கள் எம்.எல்.ஏ. 2009-இல் கரூரில் நின்று எம்.பி. ஆனார். நம்ம சட்டப்படி இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது, 14 நாளுக்குள் சட்டமன்றப் பதவியை விடாவிட்டால் எம்.பி. பதவி போய்விடும். அவர் பர்கூரை விட்டார். மே 16 ரிசல்ட், ஆகஸ்ட் 18 அன்று இடைத்தேர்தல். மூன்றே மாதம். நாங்கள் க்யூவில் நின்று ஓட்டுப் போட்டோம், திமுகவின் நரசிம்மன் ஜெயித்தார். கட்சி மாறியது, ஆள் மாறினார், ஆனால் மாற்றியது நாங்கள். வட அயர்லாந்து முறை இருந்திருந்தால் சென்னையில் ஒரு கடிதம் டைப் அடித்திருப்பார்கள், எங்களுக்குப் பேப்பரைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்திருக்கும்.

இதே தொகுதி 1996-இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவையே தோற்கடித்த தொகுதி, சுகவனம் ஜெயித்தார். எங்கள் ஆட்கள் யாருக்கும் பயந்து ஓட்டுப் போடுகிறவர்கள் இல்லை. அந்த உரிமையைக் கட்சி ஆபீசில் கொண்டுபோய் அடகு வைக்கச் சொல்கிறீர்களா?

ஒரே ஒரு குறை மட்டும் சொல்லியாக வேண்டும். 2009 இடைத்தேர்தலை அதிமுக புறக்கணித்தது. அதனால் 2006-இல் இரட்டை இலைக்குப் போட்டு ஜெயிக்க வைத்தவர்களுக்கு அந்தச் சின்னமே மெஷினில் இல்லை. எங்கள் பூத்தில் ஒரு பெரியம்மா பட்டன்களை மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இலை எங்கப்பா?" என்று அங்கிருந்த ஆசிரியரிடமே கேட்டுவிட்டார். அவர் என்ன பதில் சொல்ல முடியும், வாயை மூடிக்கொண்டு நின்றார்.

ஒகேனக்கல் ரோடு (பென்னாகரம்)

பர்கூர் அண்ணா, நீங்கள் இடைத்தேர்தலின் நல்ல முகத்தை மட்டும் பார்க்கிறீர்கள். எங்கள் ஊரில் 2010 மார்ச் 27-க்கு முந்தைய ஒரு மாதம் எப்படி இருந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

பெரியண்ணன் இறந்ததால் வந்த இடைத்தேர்தல் அது. அவருடைய மகன் இன்பசேகரனையே திமுக நிறுத்தியது, பாமக ஜி.கே.மணியின் மகனை நிறுத்தியது. தெருவுக்குத் தெரு வெளியூர்க் கார்கள், லாட்ஜ் எல்லாம் நிரம்பிப்போய்க் கட்சிக்காரர்கள் திண்ணை வைத்த வீடுகளைக்கூட வாடகைக்குப் பிடித்தார்கள், காலையில் ஒரு அமைச்சர் வருவார், சாயங்காலம் இன்னொரு அமைச்சர் வருவார். அதுவரை வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர்கள் குடிநீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். எந்தக் கட்சி என்ன கொடுத்தது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை, மாவட்டத்துக்கே தெரியும். இன்பசேகரன் ஜெயித்தார், பாமக இரண்டாவது, அதிமுக டெபாசிட் இழந்தது. 234 தொகுதிக்கும் சேர்த்துத் தேர்தல் நடக்கும்போது கட்சிகளின் பணமும் ஆளும் பிரிந்து போகும், ஒரே தொகுதியில் நடந்தால் மொத்த மாநிலத்தின் கவனமும் அந்த ஒரு ஊரின் தலையில் வந்து விழும். இதில் ஓட்டுக்காரன் சுதந்திரமாக முடிவு எடுக்கிறான் என்று நீங்கள் நம்பலாம், எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அப்புறம் நடத்தை விதி. ஒரு தொகுதியில் இடைத்தேர்தல் என்றாலும் மாநகராட்சி மாதிரி இடங்களைத் தவிர மாவட்டம் முழுக்க அமலாகிவிடும். புது வேலை எதுவும் ஆரம்பிக்க முடியாது. 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போய்ப் பணத்தோடு திரும்புகிறவனுக்கு விடியற்காலையில் பறக்கும் படையிடம் காட்ட என்ன ரசீது இருக்கும்? மண்டியில் துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்த கணக்குதான் இருக்கும்.

இடைத்தேர்தல் என்றால் மக்கள் தேர்வு, மற்றதெல்லாம் கட்சித் தேர்வு என்கிறீர்கள். ஈரோடு கிழக்கைப் பாருங்கள். 2023 ஜனவரியில் எம்.எல்.ஏ.வாக இருந்த மகன் இறந்தார், பிப்ரவரியில் நடந்த தேர்தலில் அப்பா இளங்கோவன் நின்று ஜெயித்தார், 2024 டிசம்பரில் அவரும் இறந்தார், 2025 பிப்ரவரியில் மறுபடி தேர்தல். ஒரே பதவிக்காலத்தில் அந்த ஊர் மூன்று தடவை ஓட்டுப் போட்டிருக்கிறது. இங்கேயும் வாரிசுதான் வருகிறார் என்றால் முன்கூட்டியே பெயரை எழுதி ஒட்டிவிடுவது எவ்வளவோ மேல்.

ஓசூர் சிப்காட்

எங்கள் தொகுதியும் அரூரோடு அதே இடைத்தேர்தல் லிஸ்டில்தான் இருந்தது. 2019 ஜனவரியில் பழைய போராட்ட வழக்கு ஒன்றில் அமைச்சர் பாலகிருஷ்ணா ரெட்டிக்கு 3 வருஷத் தண்டனை, பதவி போனது. 2 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை வந்தால் உடனே பதவி காலி என்பது 2013 லில்லி தாமஸ் தீர்ப்புக்குப் பிறகு வந்த நிலைமை. அதற்கு முன்னால் மேல்முறையீடு போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டே போகலாம்.

ஏப்ரல் 18 அன்று ஓசூர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி எல்லாவற்றுக்கும் ஒரே நாள், மக்களவைத் தேர்தலோடு சேர்த்து. பூத்துக்குள் இரண்டு மெஷின், மக்களவைக்கு வெள்ளைத் தாள், சட்டமன்றத்துக்கு ரோஸ் தாள். ஓசூரில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மனசு, சட்டமன்றத்துக்கு திமுக சத்யா ஜெயித்தார், கிருஷ்ணகிரி மக்களவையில் அதே கூட்டணியின் காங்கிரஸ். ஆனால் தர்மபுரியில் பாருங்கள், மக்களவைக்கு திமுக செந்தில்குமார், அதே நாளில் அதற்குள்ளே இருக்கிற அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் சட்டமன்றத்துக்கு அதிமுக. ஜனங்கள் தனித்தனியாக யோசித்துத்தான் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். அந்த வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் நடந்த 22 இடைத்தேர்தலில் அதிமுக 9 பிடித்ததால்தான் எடப்பாடி ஆட்சி 2021 வரைக்கும் நின்றது. ஒரு ஆட்சி இருப்பதா போவதா என்பதில் அரூர்க்காரருக்கும் ஒரு பங்கு கிடைத்ததே, அது பட்டியல் முறையில் கிடைத்திருக்குமா? பென்னாகரம் நண்பர் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

மரவள்ளிக்காடு (அரூர்)

ஓசூர் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது, நாங்கள் அந்த ஓட்டை ஒரு கோபத்தோடுதான் போட்டோம், அது எந்தப் பக்கம் போனது என்பது வேறு விஷயம். ஆனால் 20 மாதம் கழித்துக் கிடைத்த பங்கு அது. பர்கூருக்கு 3 மாதத்தில் நடந்தது எங்களுக்கு ஏன் நடக்கவில்லை? 6 மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்கிறார்களே?

இன்னொன்றும் தங்கச்சியிடம் கேட்கிறேன். பட்டியலில் வந்தவர் கட்சி மாறினால் அங்கே என்ன செய்வார்கள்?

பாலக்கோட்டு நர்ஸ்

ஒன்றும் செய்ய மாட்டார்கள் அண்ணா, அதுதான் எனக்கும் ஆச்சரியம். கட்சித் தாவல் தடைச் சட்டம் இங்கே எங்குமே கிடையாது. ஸ்காட்லாந்தில் கன்சர்வேட்டிவ் பட்டியலில் வந்த ஜேமி கிரீன் 2025 ஏப்ரலில் லிபரல் டெமாக்ராட் பக்கம் போனார், அதே வருஷம் ஆகஸ்டில் கிரஹாம் சிம்ப்சன் ரிஃபார்ம் கட்சிக்குப் போனார், இருவருக்கும் பதவி அப்படியே இருந்தது. ஓட்டு விழுந்தது கட்சிப் பெயருக்கு, இடத்தை எடுத்துக்கொண்டு போனது ஆள். வேல்ஸில் 2016-இல் யூகிப் கட்சி 7 இடம் ஜெயித்தது, ஒவ்வொருவராகப் பிரிந்து போய்க் கடைசியில் அந்தப் பெயரில் ஒரே ஒருவர்தான் மிச்சம். நடுவில் நேதன் கில் விலகியதும் பட்டியலில் அடுத்து இருந்த மேண்டி ஜோன்ஸ் வந்தார், அவரைக் கட்சிக் குழுவே சேர்த்துக்கொள்ளவில்லை, தனியாக உட்கார்ந்தார்.

அதே வேல்ஸில் 2026 தேர்தலிலிருந்து 96 உறுப்பினர்கள், எல்லாருமே கட்சிப் பட்டியல்தான், இடைத்தேர்தல் என்பதே இல்லை. அதற்கு முன்னால் 2025 அக்டோபரில் கேர்ஃபில்லியில் நடந்ததுதான் கடைசி இடைத்தேர்தல், லேபர் பல வருஷமாக வைத்திருந்த இடத்தை பிளைட் கம்ரி கட்சி பிடித்தது. நாடே அந்த ஒரு ஊரைப் பார்த்தது. இனிமேல் அந்த வாய்ப்பு அவர்களுக்குக் கிடையாது.

கோர்ட் வாசல் (கிருஷ்ணகிரி)

அரூர் அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் இடைத்தேர்தலா பட்டியலா என்று சண்டை போடுகிறீர்கள், 20 மாதத்துக்குக் காரணம் அது இல்லை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 151ஏ பிரிவு 6 மாதத்துக்குள் நடத்தச் சொல்கிறது. மிச்சப் பதவிக்காலம் ஒரு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. 2025 ஜூனில் வால்பாறை எம்.எல்.ஏ. இறந்தபோது அதனால்தான் இடைத்தேர்தல் வரவில்லை. உங்கள் விஷயத்தில், தகுதி நீக்கம் ஆன இரண்டாவது நாளே உயர் நீதிமன்றம் இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று தடை போட்டது. அது தேவையான தடைதான். அறிவித்துவிட்டு, புது ஆள் ஜெயித்த பிறகு பழையவர் வழக்கில் வென்றால் ஒரு நாற்காலிக்கு இரண்டு எம்.எல்.ஏ. ஆகிவிடும். வழக்கில் தண்டனை பெற்ற பொன்முடி விஷயத்தில், அவருடைய தொகுதி திருக்கோவிலூர் காலி என்று அறிவித்த பிறகு 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்தியது, அவர் மறுபடி எம்.எல்.ஏ. ஆனார். அதற்குள் இடைத்தேர்தல் முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆனால் தடை போட்டவர்கள் வழக்கை முடித்திருக்க வேண்டும். 2018 ஜூன் 14 அன்று இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு. மூன்றாவது நீதிபதி சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கம் செல்லும் என்றார். அந்தத் தேதியிலிருந்து எண்ணினால் 2019 ஏப்ரல் 18 என்பது 6 மாதத்துக்குள் வந்துவிடுகிறது. ஆக, தேர்தல் நடத்த எடுத்த நேரம் சட்டப்படி சரி, அதற்கு முன்னால் கோர்ட்டில் போன 13 மாதம்தான் உங்கள் தலையில் விடிந்தது. எந்த நாட்டுப் பட்டியலைக் கொண்டு வந்து வைத்தாலும் இந்த 13 மாதம் குறையாது, ஏனென்றால் பட்டியலில் அடுத்தவரையும் அதே வழக்கு நிறுத்தி வைத்திருக்கும்.

தேர்தல் வழக்குகளை 6 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 1951 சட்டத்திலேயே 86-ஆவது பிரிவில் இருக்கிறது. கட்சித் தாவல் மனுக்களைச் சாதாரணமாக 3 மாதத்தில் முடிவு செய்ய வேண்டும் என்று 2020-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சபாநாயகர்களுக்குச் சொன்னது, 2025 ஜூலையில் தெலங்கானா வழக்கிலும் 3 மாதம் கெடு வைத்தது. சபாநாயகர் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடுகிற வழக்குக்கு மட்டும் எந்தக் கெடுவும் எழுத்தில் இல்லை. சட்டத்தில் இருக்கிற ஓட்டை அங்கேதான்.

பென்னாகரம் நண்பரின் கவலையையும் நான் ஒதுக்கவில்லை. ஆனால் பட்டியல் முறையைக் கட்சித் தாவல் தடையோடு சேர்த்து நம்ம ஊரில் வைத்தால், தலைமையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலும் ஆளைத் தூக்கிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடலாம். இப்போதாவது இடைத்தேர்தலில் தோற்றுவிடுவோமோ என்ற பயம் தலைமைக்கு இருக்கிறது.

ஒகேனக்கல் ரோடு (பென்னாகரம்)

வக்கீல் அண்ணா கடைசியில் சொன்னது நான் யோசிக்காத கோணம். 18 பேரும் முதலமைச்சரை மாற்றச் சொல்லி ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்கள், பட்டியல் இருந்திருந்தால் ஒரே நாளில் 18 புது ஆட்கள் வந்திருப்பார்கள், இடைத்தேர்தல் என்ற சோதனையே இல்லை. சரி, அந்த ஒரு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். பணம் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

மரவள்ளிக்காடு (அரூர்)

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். வக்கீல் அண்ணா, அப்படியானால் இதை மனுவாகக் கேட்க முடியுமா? வழக்கு நடக்கிற காலத்தில் தொகுதிக்கு எம்.எல்.ஏ. கடிதம் கேட்கிற இடங்களில் யார் கையெழுத்து செல்லும் என்றாவது ஒரு அரசாணை வேண்டும்.

கோர்ட் வாசல் (கிருஷ்ணகிரி)

இரண்டும் தனித்தனி மனு. கடிதம் விஷயத்தைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுங்கள், நகலை எம்.பி.க்கும் சட்டமன்றச் செயலாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கெடு விஷயம் 151ஏ பிரிவில் திருத்தம் கேட்க வேண்டியது, அது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது, அதனால் எம்.பி. வழியாகத்தான் போக வேண்டும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இரண்டு தொகுதி ஊராட்சிகளிலும் கிராம சபைத் தீர்மானம் போட்டு அதையும் சேர்த்தால் கனம் கூடும். வரைவு எழுதி எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பிரிவு எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.